சரியும் கோட்டின் கடைசிப் புள்ளி

வட கடலில், நார்வேயின் ஸ்டாவாங்கர் நகருக்கு மேற்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தொலைவில், வோல்வே என்றொரு சிறிய எண்ணெய் வயல் இருந்தது. கடல் அங்கே 80 மீட்டர் ஆழம். எண்ணெய் தேங்கியிருந்த மணற்பாறை அதற்கும் கீழே, மூன்று கிலோமீட்டரை ஒட்டிய ஆழத்தில். 1993இல் கண்டுபிடித்தார்கள். எண்ணெய் எடுக்கத் தொடங்கியது 2008இல். நிரந்தர மேடை எதுவும் கட்டவில்லை. கடலடியில் கால் ஊன்றி நிற்கும் ஒரு ஜாக்-அப் ரிக்கை வாடகைக்கு அமர்த்தி, வந்த எண்ணெயைப் பக்கத்தில் நின்ற கப்பலில் சேர்த்தார்கள். மூன்று முதல் ஐந்து ஆண்டு ஓடும் என்று கணக்குப் போட்ட வயல், எட்டு ஆண்டுக்கு மேல் ஓடியது. உச்சத்தில் நாளொன்றுக்கு 56,000 பீப்பாய், மொத்தத்தில் 6.3 கோடி பீப்பாய். பாறையில் இருந்ததில் 54 சதவீதத்தை மேலே கொண்டுவந்துவிட்டார்கள். 2016இல் மூடினார்கள்.

மூடிய பிறகு நடந்ததுதான் என்னை இதை எழுத வைக்கிறது. 2018இல் ஈக்வினார் நிறுவனம் அந்த வயலின் தரவை, சுமார் 40,000 கோப்புகளை, எவரும் எடுத்துப் படிக்கலாம் என்று பொதுவில் வைத்தது. நில அதிர்வுப் பதிவுகள், கிணறு தோண்டியபோது எழுதிய அறிக்கைகள், வயலின் கணினி மாதிரி, நாள்வாரி உற்பத்திக் கணக்கு என எல்லாம் அதில் உண்டு. தொழில் ரகசியம் என்று எதையும் பூட்டி வைத்தே பழகிய ஒரு துறையில், ஒரு வயலின் முழு ஆயுளும் இப்படி வெளியாளின் கைக்கு வருவது அபூர்வம். இன்று பல நாடுகளில் பெட்ரோலியப் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் சரிவுக் கணக்கைக் கற்றுக்கொள்வது இந்த வயலை வைத்துத்தான்.

அந்த உற்பத்திக் கணக்கு ஓர் எக்செல் தாள்தான். ஒரு வரி என்றால் ஒரு கிணற்றின் ஒரு நாள். அன்றைக்குக் கிணறு எத்தனை மணி நேரம் ஓடியது, அடியில் அழுத்தம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, மேலே ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோக் வால்வு எவ்வளவு திறந்திருந்தது, வந்த எண்ணெய் எத்தனை கனமீட்டர், வாயு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு. எண்ணெய்ப் பத்தியை மட்டும் எடுத்து வரைபடம் போட்டால் கோடு ஏறுகிறது, சிறிது நிற்கிறது, பிறகு இறங்குகிறது. பார்த்ததும் மனம் தானாக ஒரு கதையைச் சொல்லிக்கொள்கிறது: பாறையில் எண்ணெய் இருந்தது, எடுத்தார்கள், தீர்ந்தது.

தாளை மெதுவாக இன்னொரு முறை படித்தால் அந்தக் கதை நிற்காது. எண்ணெய் குறைந்த பல நாட்களில் கிணறு 24 மணி நேரமும் ஓடவே இல்லை. சில நாட்கள் முழுக்கப் பூஜ்யம். பிறகு எதுவுமே நடக்காததுபோல் பழைய அளவை ஒட்டி வந்து நிற்கிறது. அடியழுத்தக் கருவியின் பத்தியிலும் இடையிடையே பூஜ்யங்கள் உண்டு. அவை அழுத்தமே அல்ல, பதிவு இல்லாமை. அதை அழுத்தம் என்று எண்ணி மாதிரிக்குள் ஊட்டினாலும் கணினி மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும். 2013, 2014ஆம் ஆண்டுகளில் புதிய கிணறுகள் சேர்ந்ததும் வயலின் மொத்தக் கோடு மறுபடி நிமிர்கிறது. 2012 முடிவில் உட்கார்ந்து, அதுவரையிலான புள்ளிகளை வைத்து ஒருவர் எதிர்காலத்தை நீட்டியிருந்தால், இந்த நிமிர்வு எந்தச் சூத்திரத்திலும் அகப்பட்டிருக்காது. புதிய கிணறு தோண்டலாம் என்று மனிதர்கள் கூடி எடுத்த முடிவில் பிறந்த நிமிர்வு அது.

கடலில் இருக்கும் சிறு வயல்களின் உற்பத்திச் சரிவைக் கணிக்கும்போது நாம் பாறையைக் கணிப்பதாக நினைக்கிறோம். கோடு எந்த வடிவில் இறங்கும் என்பதில் பாறைக்குப் பெரும்பங்கு உண்டுதான். ஆனால் அந்தக் கோட்டின் கடைசிப் புள்ளி, அதாவது வயலை மூடும் நாள், பெரும்பாலும் மனிதர்களின் செலவாலும் ஒப்பந்தத்தாலும் பராமரிப்பாலும் முடிவாகிறது. அந்த நாளை ஒட்டித்தான் வரியும் பங்கும் வேலையும் கடலைச் சுத்தம் செய்யும் பணமும் நிற்கின்றன. அப்படிப்பட்ட கணக்கு பூட்டிய அறைக்குள் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சரிவுக்கோட்டுக்கு இலக்கணம் எழுதியவர் ஜே. ஜே. ஆர்ப்ஸ். 1945இல் வெளிவந்த அவருடைய ஆய்வுக்கட்டுரை இன்றும் எண்ணெய் நிறுவனங்களின் அன்றாடப் புழக்கத்தில் இருக்கிறது. எண்பது ஆண்டாகியும் கைவிடாத ஒரு சூத்திரம் என்றால் அதன் எளிமைதான் காரணம். சரிவை அவர் மூன்று வகையாகப் பிரித்தார். மிச்சமிருக்கும் உற்பத்தியில் ஒவ்வோர் ஆண்டும் ஒரே விகிதம் குறைந்துகொண்டே போவது எக்ஸ்பொனென்ஷியல். போகப்போகச் சரிவின் வேகமும் தணிவது ஹைப்பர்போலிக். அதிலும் மிக நிதானமாகத் தணிவது ஹார்மோனிக். மூன்றையும் ஆள்வது 'பி' என்ற ஒரே எண். அது பூஜ்யமானால் முதல் வகை, ஒன்றானால் கடைசி வகை, இடையில் எங்கு நின்றாலும் நடுவகை.

இந்த ஒரு எண் என்ன செய்யும் என்பதை ஒரு கணக்கோடு பார்த்துவிடுவது நல்லது. நாளொன்றுக்கு 5,000 பீப்பாய் தரும் ஒரு கற்பனை வயலை எடுத்துக்கொள்வோம். சரிவின் தொடக்க வேகம் ஆண்டுக்கு 0.2. இரண்டு ஆண்டு கழித்து, 'பி' பூஜ்யம் என்றால் உற்பத்தி சுமார் 3,350 பீப்பாய். அரை என்றால் 3,470. ஒன்று என்றால் 3,570. மூன்றுக்கும் நடுவே அதிகம் போனால் 220 பீப்பாய் வித்தியாசம். வால்வைக் கொஞ்சம் திருப்பினாலோ, மாதத்தில் ஓரிரு நாள் பழுது பார்த்தாலோ அந்த வித்தியாசம் மறைந்துபோகும். இரண்டு ஆண்டுத் தரவை மட்டும் வைத்துக்கொண்டு மூன்றில் எது உண்மை என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. பத்தாம் ஆண்டுக்கு வாருங்கள். முதல் வகையில் 680 பீப்பாய், நடுவகையில் 1,250, கடைசி வகையில் 1,670.

வயலை நடத்தும் செலவை ஈடுகட்ட நாளொன்றுக்குக் குறைந்தது 1,200 பீப்பாயாவது வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் வகை வயல் ஏழே ஆண்டில் அந்த எல்லையைத் தொடும். நடுவகை பத்தரை ஆண்டுக்குச் சற்று முன்பு. கடைசி வகை ஏறக்குறைய பதினாறு ஆண்டு தாக்குப்பிடிக்கும். அதுவரை எடுத்திருக்கும் எண்ணெய் முறையே 69 லட்சம், 93 லட்சம், 1 கோடியே 30 லட்சம் பீப்பாய். தொடக்கத்தில் கண்ணுக்கே தெரியாத ஒரு வேறுபாடு முடிவில் ஏறக்குறைய இரண்டு மடங்காக நிற்கிறது. கடன் கேட்டு வங்கிக்குப் போகிறவர் எந்த 'பி'யை எடுத்துக்கொண்டு போவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

'பி' என்பது வெறும் சூதாட்ட எண்ணும் அல்ல. பாறைக்குள் என்ன நடக்கிறது என்பதன் சுருக்கம் அது. அழுத்தம் விலக விலக எண்ணெய் மெல்ல விரிந்து வெளியே வருவதே ஒரே உந்துவிசை என்றால் 'பி' பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். மூடி திறந்த சோடா பாட்டில்போல், எண்ணெயில் கரைந்திருந்த வாயு அழுத்தம் குறைந்ததும் நுரைத்துக் கிளம்பித் தள்ளினால் 'பி' கூடும். நன்றாக வழிவிடும் மணலும் இறுகிய மணலும் அடுக்கடுக்காக இருந்தால், நல்ல அடுக்கு முதலில் வற்றி, இறுகிய அடுக்கு வெகுகாலம் கசிந்துகொண்டிருக்கும், அப்போதும் கூடும். தண்ணீர் தள்ளும் வயலில் கதையே வேறு. கிணற்றிலிருந்து மேலே வரும் மொத்தத் திரவம் குறையாது. அதில் எண்ணெயின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டே வரும். மேலே வரும் நூறு பீப்பாயில் தொண்ணூறு தண்ணீராகவே இருந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் வயல்கள் உண்டு.

ஆர்ப்ஸின் சூத்திரம் பொருந்த ஒரு நிபந்தனை இருக்கிறது. கிணற்றை இதுவரை நடத்தியதுபோலவே இனியும் நடத்த வேண்டும். அடியழுத்தம் ஒரே நிலையில் இருக்க வேண்டும், புதுக் கிணறு குறுக்கே வரக் கூடாது, பம்பு மாறக் கூடாது. கடலில் உள்ள சிறு வயலில் இந்த நிபந்தனை ஓராண்டு முழுதும் நிலைத்தாலே பெரிது. 1980இல் ஃபெட்கோவிச் என்ற ஆய்வாளர் இந்தச் சூத்திரத்தைப் பாறைக்குள் திரவம் ஓடும் இயற்பியலோடு இணைத்துக் காட்டினார். கிணற்றைத் திறந்த புதிதில் காணும் வேகமான சரிவு, அழுத்தக் குறைவு வயலின் எல்லையை இன்னும் எட்டாததால் வருவது, அதை வைத்து ஆயுளைக் கணிக்கக் கூடாது என்ற தெளிவு அதன்பின் பரவியது. பரவியதே தவிர, எல்லோரும் கடைப்பிடிக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன்.

கோடு போதாது என்றுதான் சிமுலேஷன் வந்தது. பாறையை ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் துளைமை, ஊடுருவுதிறன், நீரின் அளவு என்று கொடுத்து, கட்டத்திலிருந்து கட்டத்துக்கு எண்ணெயும் நீரும் வாயுவும் நகர்வதைக் கணினி கணக்கிடும். பழைய உற்பத்தியோடு மாதிரி ஒத்துப்போகும் வரை அந்த எண்களைத் திருத்திக்கொண்டே போவார்கள். இதற்கு 'ஹிஸ்டரி மேட்சிங்' என்று பெயர். கடந்த காலத்தைச் சரியாகச் சொல்லும் மாதிரி எதிர்காலத்தையும் சரியாகச் சொல்லும் என்பது இதன் அடிநம்பிக்கை.

அந்த நம்பிக்கையை லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் ஒரு சோதனையில் உடைத்தார்கள். 2004இல் வெளியான அந்த ஆய்வில் அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு எளிய கற்பனை வயல். அதில் தெரியாதவை மூன்றே மூன்று: பாறைப் பிளவு எவ்வளவு சறுக்கியிருக்கிறது, நல்ல மணலின் ஊடுருவுதிறன் என்ன, மோசமான மணலின் ஊடுருவுதிறன் என்ன. உண்மையான விடை அவர்கள் கையிலேயே இருந்தது, ஏனென்றால் வயலைச் செய்தவர்களே அவர்கள்தான். ஏராளமான மாதிரிகளை ஓட்டிப் பார்த்ததில், முதல் மூன்று ஆண்டு உற்பத்தியோடு மிக நெருக்கமாகப் பொருந்திய மாதிரி உண்மையான பாறையிலிருந்து வெகுவாக விலகியிருந்தது. அடுத்த ஆண்டுகளைப் பற்றி அது சொன்னதும் தவறாக இருந்தது. மூன்று எண்களுக்கே இந்தக் கதி. உண்மையான வயலில் தெரியாதவை ஆயிரக்கணக்கில். நன்றாகப் பொருந்தும் ஒரே மாதிரியைக் காட்டி 'இதுதான் வயல்' என்று சொல்கிறவரை நான் நம்புவதில்லை. சுமாராகப் பொருந்தும் நூறு மாதிரிகளைக் காட்டி, அவை எங்கெங்கே பிரிந்துபோகின்றன என்று சொல்கிறவரை நம்புகிறேன்.

இனி அந்தக் கடைசிப் புள்ளிக்கு வருவோம்.

அமெரிக்காவில், தரைமேல், நாளொன்றுக்கு 15 பீப்பாய்க்கும் குறைவாகத் தரும் கிணறுகள் லட்சக்கணக்கில் உண்டு. ஒரு பம்பு, ஒரு தொட்டி, வாரத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கும் ஆள், அவ்வளவே செலவு. அங்கே சரிவுக்கோடு ஆண்டுக்கணக்கில் தரையை ஒட்டி ஊர்ந்துகொண்டே போகலாம். கடலில் அது நடக்காது. மிதக்கும் உற்பத்திக் கப்பலின் நாள் வாடகை, ஹெலிகாப்டர், அவசரத்துக்கென்று அருகே நிற்கும் படகு, கப்பலில் இரவும் பகலும் வேலை பார்ப்பவர்களின் சம்பளம், துருவோடு நடக்கும் ஓயாத போர். நாளொன்றுக்கு 20,000 பீப்பாய் வந்தாலும் 2,000 வந்தாலும் இந்தச் செலவு பெரிதாக மாறாது. ஆகவே கடல் வயல் வற்றிச் சாவதில்லை. செலவுக்கோட்டை உற்பத்திக்கோடு வெட்டும் இடத்தில் அதை நிறுத்துகிறார்கள். சிறிய வயலில் அந்த வெட்டு சீக்கிரம் வந்துவிடும். எண்ணெய் விலையை மாற்றினால் அந்தப் புள்ளி நகரும். கப்பல் வாடகையை மாற்றினாலும் நகரும். பாறையில் ஒரு மணல்கூட அசைந்திருக்காது.

ஆர்கைல் வயலின் வரலாறு இதற்கு ஆதாரம். பிரிட்டனின் கடல் பகுதியில் முதன்முதலில் எண்ணெய் எடுத்தது இந்தச் சிறிய வயலில்தான். ஹாமில்டன் பிரதர்ஸ் நிறுவனம் 1971இல் கண்டது. 1975 ஜூனில் எண்ணெய் வந்தது. டிரான்ஸ்வேர்ல்ட் 58 என்ற துரப்பண ரிக்கை மாற்றியமைத்து உற்பத்தி மேடையாக்கினார்கள். மிதக்கும் உற்பத்தி என்ற முறைக்கே அது முன்னோடி. முதல் சரக்கைத் தியோஜெனிட்டர் என்ற டேங்கர் ஐல் ஆஃப் கிரெய்ன் சுத்திகரிப்பு ஆலைக்குக் கொண்டுவந்தது. எரிசக்தி அமைச்சர் டோனி பென் ஜூன் 18 அன்று அங்கே வால்வைத் திறந்துவைத்தார். ஆர்கைல் மேடையில் எண்ணெயைச் சேர்த்துவைக்க இடமில்லை. கடல் கொந்தளித்து டேங்கர் விலகிப் போனால் கிணறுகளையும் அடைத்தாக வேண்டும். அதன் மாதாந்திர உற்பத்தியைப் பார்க்கும் ஒருவர், குளிர்காலப் பள்ளங்களைப் பாறையின் சோர்வு என்று படித்தால் வட கடலின் புயலைப் பாறையில் ஏற்றியவர் ஆவார்.

ஏழு கோடி பீப்பாய்க்கு மேல் தந்துவிட்டு 1992இல் ஆர்கைல் மூடப்பட்டது. கணக்கு முடிந்தது என்றே எல்லோரும் எண்ணினார்கள். 2003இல் டஸ்கன் எனர்ஜி என்ற சிறு நிறுவனம், ஏகார்ன் என்ற இன்னொரு சிறு நிறுவனத்தோடு சேர்ந்து, அதே வயலை ஆர்ட்மோர் என்ற புதுப் பெயரில் திறந்தது. இம்முறை ஒரு ஜாக்-அப் ரிக். எண்ணெய் வந்தது, ஆனால் 2005இல் நிறுவனம் நொடித்துப்போய் வயல் மீண்டும் அடைபட்டது. பிறகு என்க்வெஸ்ட் நிறுவனம் ஆல்மா என்று மூன்றாவது பெயர் சூட்டியது. பழைய உற்பத்திக் கப்பல் ஒன்றைப் புதுப்பித்து, கிணற்றுக்குள் மின் பம்புகளை இறக்கி எடுப்பது திட்டம். 2013இல் வர வேண்டிய எண்ணெய், கப்பல் வேலை இழுத்தடித்ததில் 2015 அக்டோபரில்தான் வந்தது. அதற்குள் நூறு டாலருக்கு மேல் இருந்த எண்ணெய் விலை பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. மின் பம்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாயின. 2020இல் மூன்றாம் முறையாக மூடினார்கள்.

ஒரே பாறைக்கு மூன்று முடிவுகள். 1992இல் வந்தது வயலின் முடிவு என்றால் 2003இல் வந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது? மூன்று முறையும் பாறையில் எண்ணெய் மிச்சம் இருந்தது. ரிக்கும் கப்பலும் பம்பும் விலையும்தான் கைகொடுக்கவில்லை. அந்த வயலுக்கு எவ்வளவு நுணுக்கமான பாறை மாதிரி செய்திருந்தாலும், பம்பு எத்தனை மாதத்தில் கெடும் என்ற எண்ணை அதில் சேர்க்காதவரை கணிப்பு பொய்த்தே இருக்கும். கடல் வயலின் சிமுலேஷனில் கிணற்றின் ஓட்ட நேரம், பழுதின் வாய்ப்பு, பழுது பார்க்கும் கப்பல் வந்துசேரும் தாமதம் எல்லாம் பாறையின் ஊடுருவுதிறனுக்குச் சமமான இடத்தைப் பெற வேண்டும். பெரும்பாலும் அவை கடைசியில் 'கிணறு தொண்ணூறு சதவீத நேரம் ஓடும்' என்பதுபோல் ஒற்றை எண்ணாக ஒட்டப்படுகின்றன.

தவறு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். நார்வேயில் வயல் திட்டத்துக்கு ஒப்புதல் கேட்கும்போது நிறுவனங்கள் குறைந்த மதிப்பு, நடுமதிப்பு, உயர்ந்த மதிப்பு என்று கணிப்பைத் தர வேண்டும். பத்தில் எட்டு முறை உண்மை அந்த இரு எல்லைகளுக்குள் விழ வேண்டும் என்பது அதன் பொருள். பிராட்வோல்டும் அவருடைய குழுவினரும் 56 வயல்களின் கணிப்பையும் பின்னர் வந்த உற்பத்தியையும் ஒப்பிட்டு 2020இல் வெளியிட்ட ஆய்வு, கணிப்புகள் உயரச் சாய்ந்தும் எல்லைகள் தேவைக்கு மேல் குறுகியும் இருந்ததைக் காட்டியது. ஆண்டுகள் போகப்போகத் திருந்தியதாகவும் தெரியவில்லை. பொறியாளர்கள் திறமையற்றவர்கள் என்பதால் இது நேரவில்லை. திட்டம் நிறைவேற வேண்டும் என்ற ஆசை எல்லா மேசையிலும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. கணிப்பு தவறியபோது எவரும் திரும்பிப் பார்த்துக் கேட்கவில்லை. இந்த ஒப்பீடு சாத்தியமானதே நார்வே அரசிடம் இரண்டு கணக்கும் பத்திரமாக இருந்ததால்தான்.

கடைசிப் புள்ளியைத் தவறாகக் கணித்தால் யார் பணம் கொடுப்பது என்ற கேள்விக்கு ஆஸ்திரேலியா விடை தந்தது. டார்வின் நகருக்கு வடமேற்கே திமோர் கடலில் லாமினாரியா, கொரல்லினா என்ற இரு வயல்களுக்கு மேல் நார்தர்ன் எண்டெவர் என்ற உற்பத்திக் கப்பல் 1999 முதல் நின்றது. தொடக்கத்தில் பெருகிக் கொட்டிய வயல்கள், பதினைந்து ஆண்டில் வெகுவாக இறங்கிவிட்டன. 2016இல் வுட்சைடு நிறுவனம் அவற்றை ஒரு சிறு நிறுவனத்துக்குக் கைமாற்றியது. இன்னும் சில ஆண்டு எடுக்கலாம் என்பது புதியவர்களின் கணக்கு. 2019இல் கப்பலின் துரு காரணமாகப் பாதுகாப்பு ஆணையம் உற்பத்தியை நிறுத்தச் சொன்னது. 2020இல் நிறுவனம் திவாலானது. கடல் நடுவே கப்பலும், அடியில் குழாய்களும், அடைக்காத கிணறுகளும் அரசின் தலையில் விழுந்தன. அந்தச் செலவை ஈடுகட்ட, கடலில் எடுக்கும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் 48 சென்ட் என்று எல்லா நிறுவனங்கள் மீதும் தீர்வை விதித்தார்கள். வயலை விற்றவரும் பின்னாளில் பொறுப்பேற்க வேண்டி வரலாம் என்று சட்டத்தையும் மாற்றினார்கள்.

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று தமிழ் வாசகர் ஒதுங்கிவிட முடியாது. காவிரிப் படுகை கரையோடு நின்றுவிடவில்லை. புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் பி.ஒய்.-3 என்ற எண்ணெய் வயல் இருக்கிறது. ஓ.என்.ஜி.சி. 1988இல் கண்டது, கூட்டு நிறுவனங்களின் கையில் 1997இல் உற்பத்தி தொடங்கியது. கடலடிக் கிணறுகளும் மிதக்கும் உற்பத்திக் கலமுமாக, இந்தியாவில் அந்த முறைக்கு அது முன்னோடிகளில் ஒன்று. மிக இலகுவான, நல்ல தரமான எண்ணெய். 2011 ஜூலையில் உற்பத்தி நின்றது. எண்ணெய் தீர்ந்து நிற்கவில்லை. உற்பத்தி வசதிக்கான ஏற்பாடு முடிந்து, அடுத்தது கூடிவராமல் நின்றது. வரைபடத்தில் கோடு சரிந்துகொண்டிருந்த இடத்தில் அப்படியே அறுந்து விழுகிறது. எந்த 'பி'யும் அந்த அறுபடுதலைச் சொல்லாது. அதே கடலில் பி.ஒய்.-1 வாயு வயல் இன்னொரு பாடம். அங்கே வாயு இருப்பது மணலில் அல்ல, வெடிப்பு விட்ட கருங்கல்லில். 2009இல் உற்பத்தி தொடங்கிய அந்த வயல், எதிர்பார்த்த அளவைத் தக்கவைத்துக்கொள்ளவில்லை. வெடிப்புகளில் தேங்கியது வேகமாக வந்துவிடும். அந்த வேகத்தைப் பார்த்து மொத்த அளவை ஊகித்தால் ஏமாற்றம்தான். வெடிப்புப் பாறையைச் சிமுலேட் செய்வது இந்தத் துறையின் மிகக் கடினமான வேலைகளில் ஒன்று.

2015இல் இந்திய அரசு சிறு வயல்களுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. பெரிய பொதுத்துறை நிறுவனங்கள் கண்டுபிடித்து, இலாபமில்லை என்று விட்டுவைத்த 67 வயல்களை 46 ஒப்பந்தப் பகுதிகளாகச் சேர்த்து 2016இல் முதல் ஏலம் நடத்தினார்கள். கடல் பகுதிகளும் அதில் உண்டு. சிறு நிறுவனங்கள் உள்ளே வரட்டும் என்பது நோக்கம். அந்த நோக்கத்தை நான் எதிர்க்கவில்லை. பூமிக்கடியில் எண்ணெய் இருப்பதை அறிந்து வைத்துக்கொண்டே வெளிநாட்டில் வாங்குவதை எப்படி ஆதரிப்பது? ஆனால் சிறு நிறுவனம், சிறு வயல், கடல் என்ற மூன்றும் சேரும் இடத்தில்தான் டஸ்கனும் நார்தர்ன் எண்டெவரும் நடந்தன. சரிவைக் கொஞ்சம் நிதானமாக வரைந்தால் வயலின் ஆயுள் நீளும். கிணறுகளை அடைத்துக் கடலடியைச் சீர்செய்யும் பணத்தை ஒதுக்க வேண்டிய நாள் தள்ளிப்போகும். கோடு பொய்த்தால், ஒதுக்கிய பணம் போதாத நிலையில் உற்பத்தி நின்றிருக்கும். அப்போது அந்தக் கடலில் வலை வீசுகிறவர்களுக்குத் தங்கள் தொழில்வெளியின் அடியில் கிடக்கும் குழாய் எப்போது போகும் என்று சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

பிரிட்டனும் நார்வேயும் வயல்வாரியாக மாதந்தோறும் உற்பத்தியை வெளியிடுகின்றன. எந்த ஊரில் இருக்கும் மாணவரும் அதை எடுத்து, தன் கோட்டை வரைந்து, நிறுவனம் சொன்னதோடு ஒப்பிடலாம். நமது பெட்ரோலிய அமைச்சகத்தின் மாதாந்திர அறிக்கை பெரும்பாலும் நிறுவனவாரித் தொகையோடு நின்றுவிடுகிறது. ஒரு வயலுக்கு ஒப்புதல் தரும்போது அரசிடம் தாக்கலான கணிப்பும், அதற்கு அடியில் இருந்த 'பி'யும், கிணறு ஓடும் நேரமும், மூடும் எல்லையாகக் கொண்ட உற்பத்தியும், கிணறுகளை அடைக்க ஒதுக்கிய தொகையும் குடிமகனின் கண்ணில் படுவதில்லை. பூமிக்கடியில் இருப்பது மக்களின் சொத்து என்றால், அது எப்போது தீரும் என்ற கணக்கும் மக்களுடையதுதான்.

பெட்ரோலியப் பொறியியல் கற்பிக்கும் பேராசிரியர்களும், கடற்கரை மாவட்டங்களின் மக்கள் பிரதிநிதிகளும், எரிசக்தி பற்றி எழுதும் பத்திரிகையாளர்களும் இதை ஒன்றாகக் கேட்க வேண்டும். வோல்வேயின் கணக்கை ஈக்வினார் திறந்ததுபோல் காவிரிப் படுகையின் ஒரு கடல் வயலையாவது நாம் திறக்க வேண்டும். பி.ஒய்.-3இன் 1997 முதல் 2011 வரையிலான நாள்வாரி உற்பத்திக் கணக்கிலிருந்து தொடங்கலாம்.